மக்களை ஆளாக்கிய மர்ஹூம் சித்திலெப்பை

கண்டி மாநகரில் 1898-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி வபாத்தான ஒரு வழக்கறிஞருக்கும், ஜொகூர் மாநிலத்தில் லாபிஸுக்கும் யோங் பெங்குக்கும் இடையே சாஆ என்னும் சிற்றூரில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அவர் பேசியதும் எழுதியதும் நாம் பேசும் தமிழ். அவர் தழுவி நின்றது நாம் தழுவி நிற்கும் தீனுல் இஸ்லாம். அவருடைய மக்களில் பெரும் பகுதியினர் நம்மைப் போலவே வியாபாரிகள். தோட்டங்களை நம்பிக் கடை நடத்தியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். தோட்டத்துப் பயிர் விழுந்தபோது கடையும் ஆட்டங்கண்டது. அப்படிப்பட்ட காலத்தில் அந்தப் பெரியார் என்ன செய்தார் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும் என்றெண்ணி, மர்ஹூம் முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்களின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

சித்திலெப்பை அவர்கள் 1838-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி கண்டியில் பிறந்தார்கள்.  தந்தையாரும் வழக்கறிஞரே. முஸ்லிம்களில் ஆங்கிலம் படித்தவர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய அந்த நாளில், வீட்டிலேயே சட்டப் புத்தகங்களைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேறினார்கள். கண்டியில் வாழ்ந்ததால் சிங்களமும் அறிந்திருந்தார்கள். 1862-ம் ஆண்டு வழக்கறிஞரானார்கள். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்ததோடு, சில காலம் நீதிபதியாகவும் கடமை பார்த்தார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் செல்வமும் செல்வாக்கும் பெற்ற ஒரு கனவானாக வாழ்ந்து மறைந்திருப்பார்கள். நாமும் இன்று அவர்களுடைய பெயரை அறிந்திருக்க மாட்டோம். நீதிமன்றத்தில் நாள்தோறும் நின்றவர்கள், எழுத்தறியாத தம் மக்கள் எழுத்தறிந்த பிறரிடம் எப்படியெல்லாம் கைகட்டி நிற்க நேர்ந்தது என்பதைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள் என்று நாம் எண்ண இடமுண்டு. உறுதிப் பத்திரம் எழுத ஒருவர் வேண்டும். எழுதியதைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அரசாங்கத்துக்கு மனுப் போட மூன்றாமவர் வேண்டும் என்றிருக்கும் சமுதாயம், கையில் பணமிருந்தும் பிறர் தயவில் வாழும் சமுதாயம்தான்.

ஆட்டங்கண்ட காலம்

அந்தக் காலத்தின் நிலையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். 1815-ல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைநாட்டுக் காடுகளை வெட்டிக் கோப்பித் தோட்டங்களைப் போட்டார்கள். 1867-ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. தோட்டம் பெருகப் பெருக அரிசி, துணிமணி, சில்லறைச் சாமான்களின் வியாபாரமும் பெருகிற்று. ஆனால் 1869-ம் ஆண்டு கோப்பி இலையில் ஒரு நோய் காணப்பட்டது. முதலில் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நோய் இலங்கைக் கோப்பியையே அழித்துவிட்டது. அந்த அதிர்ச்சியில் 1884-ம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவை மூடிற்று. மக்கள் கையிலிருந்த பணநோட்டுகளில் பெரும் பகுதி அந்த வங்கி வெளியிட்டவை. கவர்னர் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பொறுப்பைக் கொடுத்ததால்தான் கடைத்தெருக்கள் ஒருவாறு தப்பின. தோட்டத்துச் சம்பளத்தை நம்பிக் கடனுக்குச் சாமான் கொடுத்தவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதை, கடை நடத்தும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறியதைப் போலவே ஆட்சி முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1869-ல் இலங்கை அரசாங்கம் கல்விக்கென்று தனி இலாகாவை ஏற்படுத்தி, பள்ளிக்கூடம் நடத்தும் சபைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. அரசாங்கத்தின் பணம், பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் போகும். கிறிஸ்தவ மிஷனரிமாரிடம் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் ஏற்கெனவே இருந்தார்கள்; ஆகவே பணம் அங்கே சென்றது. யாழ்ப்பாணத்தில் 1879-ல் மறைந்த ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் அச்சகமும் நிறுவி வழிகாட்டியிருந்தார். 1880-ல் இலங்கைக்கு வந்த கர்னல் ஆல்கட்டின் துணையோடு பௌத்தர்கள் தங்கள் பள்ளிகளை அமைக்கத் தொடங்கினார்கள். கொழும்பு ஆனந்தா கல்லூரி 1886-ல் எழுந்தது. வட இந்தியாவில் ஸர் சையிது அகமது கான் 1875-ல் அலிகாரில் கல்விச்சாலை திறந்திருந்தார். இலங்கை முஸ்லிம்கள் மட்டும் பிள்ளைகளைக் குர்ஆன் ஓதும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஓதி முடித்ததும் கடைக்கு அழைத்துக்கொண்டார்கள். மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் ஈமானுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களைத் தடுத்தது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சொந்தமாகப் பள்ளி வைத்துக்கொள்ளும் ஆற்றலும் அவர்களிடம் இருக்கவில்லை.

பிறர் பள்ளிக்கும் போகாமல், தமக்கென்று பள்ளியும் இல்லாமல் நின்ற மக்களைப் பார்த்துச் சித்திலெப்பை அவர்கள் கண்டறிந்த உண்மை இதுதான்: குறைவாயிருந்தது பணமன்று, பொறுப்பெடுத்துக் காரியம் நடத்தக்கூடிய ஆட்கள்தான் குறைவு. ஆகவே ஆட்களை உண்டாக்குவதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டார்கள்.

முஸ்லிம் நேசன்

முதலில் அவர்கள் கையிலெடுத்தது பத்திரிகை. 1882-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். துருக்கி, மிசிர் முதலிய நாடுகளின் செய்திகள் அதில் வந்தன. பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க வைக்க வேண்டும், பெண்களுக்கும் கல்வி கொடுக்க வேண்டும், வீண் சடங்குகளில் பணத்தைக் கொட்டக் கூடாது என்பவற்றைத் தளராமல் எழுதி வந்தார்கள். பத்திரிகை கடல் கடந்து பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் வந்து தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் கைகளில் தவழ்ந்தது. சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் 1887-ல் சிங்கை நேசன் என்னும் வாரப் பத்திரிகையை ஆரம்பித்த செய்தியையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அந்நாளில் நம்மவர்கள் சரக்கை மட்டும் கப்பலில் ஏற்றி இறக்கவில்லை. கருத்துக்களையும் ஏற்றி இறக்கினார்கள்.

பத்திரிகை தொடங்கிய மறு மாதமே ஒரு முக்கியமான சம்பவம் நடந்தது. மிசிர் நாட்டில் அன்னியர் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்து, 1882 செப்டம்பரில் தெல்லல் கபீர் போரில் தோல்வியுற்ற அஹ்மது உறாபி பாஷா அவர்களையும் அவர்களுடைய தோழர்களையும் ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பு வந்திறங்கினார்கள். இலங்கை முஸ்லிம்கள் அவர்களைத் தலைமேல் வைத்துப் போற்றினார்கள். உருக்கத்தோடு கூடி, கண்ணீர் விட்டுக் கலைந்து போயிருந்தால் அதனால் ஒரு பயனும் விளைந்திராது. சித்திலெப்பை அவர்கள் அந்த உருக்கத்தைக் கல்வியின் பக்கம் திருப்பினார்கள். படையும் பட்டாளமும் வைத்திருந்த மிசிரே இந்த நிலைக்கு வந்ததென்றால், கல்வியுமின்றி அமைப்புமின்றி இருக்கும் நாம் எம்மாத்திரம் என்ற சிந்தனை மக்களிடையே பரவ அந்தப் பெரியாரின் வருகை உதவியது. உறாபி பாஷா அவர்களும் கல்வி முயற்சிகளுக்கு உற்ற துணையாக நின்றார்கள். 1901-ல் தாயகம் திரும்பும் வரை அவர்கள் இலங்கையிலேயே வாழ்ந்தார்கள்.

1885-ல் சித்திலெப்பை அவர்கள் அசன்பே சரித்திரம் என்னும் கதையை வெளியிட்டார்கள். மிசிர் நாட்டுப் பிள்ளை ஒருவனின் வாழ்க்கையைக் கூறும் இந்நூலை, இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். கட்டுரை படிக்காதவன் கதை படிப்பான். கதை படிப்பவன் நாளடைவில் பத்திரிகையும் படிப்பான். வாசிக்கும் பழக்கம் இல்லாத மக்களிடம் எதையும் மாற்ற முடியாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

நிலைக்காத பள்ளியும் நிலைத்த பள்ளியும்

இனி நாம் சொல்லப் போவதுதான் இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி. வியாபாரிகளாகிய நாம் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

1884-ம் ஆண்டு கொழும்பில் மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்பிக்கும் ஒரு மதரஸாவைச் சித்திலெப்பை அவர்களும் நண்பர்களும் நிறுவினார்கள். ஆரம்பத்தில் ஊக்கத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் சமுதாயத்தின் போதிய ஆதரவு தொடர்ந்து கிடைக்காமையால் அது நிலைக்கவில்லை. எதிர்ப்பும் இருந்தது. ஆங்கிலம் படிப்பது மார்க்கத்துக்கு விரோதமென்று கருதியவர்கள் அன்று பலர். தம் மக்களாலேயே ஏசப்பட்டார்கள். 1889-ம் ஆண்டளவில் முஸ்லிம் நேசனும் நின்று போயிற்று. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பத்திரிகையும் இல்லை, பள்ளியும் இல்லை. வேறொருவராயிருந்தால், இந்தச் சமுதாயம் தேறாது என்று சொல்லிவிட்டுக் கண்டியில் வழக்கறிஞர் தொழிலோடு ஓய்ந்திருப்பார்.

சித்திலெப்பை அவர்கள் ஓயவில்லை. பழைய வேலையையே பழைய மாதிரி மறுபடியும் தொடங்கவுமில்லை. முதலில் கட்டடம், பிறகு ஆட்கள் என்ற முறையை மாற்றி, முதலில் ஆட்களைச் சேர்த்தார்கள். 1891-ல் கொழும்பில் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைக்கப்பட்டது. பள்ளிக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றால், ஒருவர் நோயுற்றாலும் மற்றவர் நடத்துவார். ஒருவர் மனம் சோர்ந்தாலும் மற்றவர் தாங்குவார். அந்தச் சங்கத்தின் பலத்தில் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி, மருதானைப் பள்ளிவாசலை அடுத்து அல் மதரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இன்று கொழும்பு ஸாஹிராக் கல்லூரி என்று வழங்குவது அதுவே.

இந்தப் பள்ளியின் நிர்வாகப் பொறுப்பு யாரிடம் சென்றது? பெரிய ஆலிமிடமுமில்லை, ஆங்கிலப் பட்டதாரியிடமுமில்லை. வாப்பிச்சி மரிக்கார் என்னும் கட்டட ஒப்பந்தக்காரரிடம் சென்றது. கொழும்பில் 1877-ல் திறக்கப்பட்ட நூதனசாலையைக் கட்டியவர் அவர். அந்த வேலைக்குச் சன்மானமாக என்ன வேண்டுமென்று கவர்னர் கேட்டபோது, பட்டமோ பதவியோ கேளாமல், ஜும்ஆ நாளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டுமென்று கேட்டார் என்று மக்கள் சொல்வார்கள். வேலையாட்களை வைத்து வேலை வாங்கவும், கணக்குப் பார்க்கவும், சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிக்கவும் தெரிந்தவர். அந்தத் திறமையைப் பள்ளிக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கண்டுகொண்டதே சித்திலெப்பை அவர்களின் பெருமை. வியாபாரியிடம் நன்கொடைச் சீட்டை மட்டும் நீட்டுவது எளிது. அவரிடம் பொறுப்பையே கொடுத்து, அவரைக் கல்விமான்களுக்குச் சமமாக உட்கார வைப்பது எல்லோருக்கும் வராது. வாப்பிச்சி மரிக்கார் 1925-ல் காலஞ்சென்றார். அவர் பெயர் ஸாஹிராவின் பெயரோடு ஒட்டியே நிற்கிறது.

பெண்களும் பாட நூல்களும்

பெண் பிள்ளைகளைப் பற்றியும் அவர்கள் எழுதியதோடு நிற்கவில்லை. 1891-ம் ஆண்டளவில் கண்டியிலேயே முஸ்லிம் பெண்களுக்கென்று பள்ளி திறந்தார்கள். அந்தப் பள்ளியை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரியாரிடம் ஒப்படைத்தார்கள். ஊரார் வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொல்லுமுன் தம் வீட்டிலிருந்தே ஆசிரியையைக் கொடுத்ததால், பழிப்பவர்களின் வாய் ஓரளவு அடங்கியிருக்கும். கண்டி, குருநாகல், மாத்தளை, கம்பளை போன்ற ஊர்களிலும் பள்ளிகள் தோன்ற உழைத்தார்கள்.

பள்ளி திறந்தால் போதுமா? எதைக் கொண்டு படிப்பிப்பது? அரபு இலக்கணத்தை எளிதாக விளக்கும் துஹ்பத்துந் நஹ்வு என்னும் நூலையும், மாணவர்களுக்கு உதவும் வேறு வாசிப்பு நூல்களையும் தாமே எழுதினார்கள். 1892-ல் ஞானதீபம் என்னும் மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். 1897-ல் அஸ்றாறுல் ஆலம் என்னும் ஞான நூலை வெளியிட்டார்கள். பாட நூல் எழுதுகிறவருக்குப் புகழ் அதிகம் கிடைப்பதில்லை. ஆனால் நல்ல பாட நூல் ஒன்று இருந்தால், தூரத்து ஊரில் இருக்கும் சாதாரண ஆசிரியரும் நன்றாகக் கற்பிக்க முடியும். தம்மைப் போன்ற அறிஞர் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்பதை உணர்ந்து, தாம் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வழி செய்ததே அந்த நூல்களின் நோக்கம் என்று நாம் கருதுகிறோம்.

வபாத்துக்குப் பின்

ஸாஹிரா திறந்து ஆறு ஆண்டுகள் நிறையுமுன், தமது 59-ம் வயதில் சித்திலெப்பை அவர்கள் கண்டியில் வபாத்தானார்கள். அப்போது அந்தப் பள்ளி ஒரு சிறிய பள்ளியே. தாம் நட்ட மரம் நிழல் தருவதை அவர்கள் காணவில்லை. ஆனாலும் மரம் பட்டுப்போகவில்லை; அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

சித்திலெப்பை அவர்களோடு பழகித் தேர்ந்தவரான ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள் 1900-ல் சோனகர் சங்கத்தை அமைத்ததோடு, முஸ்லிம் பாதுகாவலன் பத்திரிகையின் வாயிலாக எழுத்துப் பணியையும் தொடர்ந்தார்கள். 1921-ல் மலாய் வமிசத்தவரான டி. பி. ஜாயா அவர்கள் ஸாஹிராவின் அதிபரானார்கள். 1947 வரை அவர்கள் பாடுபட்டதில் அது நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. ஜாயா அவர்கள் சட்ட சபையிலும் பின்னர் மந்திரி சபையிலும் இருந்து, இலங்கையின் சுதந்திரத்துக்கு முஸ்லிம்களின் ஆதரவைத் திரட்டித் தந்தார்கள். 1960-ல் மதீனா நகரில் வபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் 1948-ல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அதிபராக வந்தார்கள். 1935-ல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்கள்தான். எல்லோரும் ஆசைப்படும் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். ஏழை மாணவர்களுக்குப் படிப்புதவி செய்ய 1945-ல் அவர்கள் முன்னின்று நிறுவிய நிதி, பல குடும்பங்களில் விளக்கேற்றி வைத்தது. வாப்பிச்சி மரிக்காரின் பேரரான ஸர் ராஸிக் பரீத் அவர்கள் பெண் கல்விக்காகப் போராடி, 1946-ல் கொழும்பு பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழ வழி செய்தார்கள். இலங்கை அரசாங்கம் 1977-ல் சித்திலெப்பை அவர்களின் படம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டுக் கௌரவித்தது. கண்டியில் அவர்கள் பெயரால் ஒரு பள்ளியும் இருக்கிறது.

இவர்களுள் ஜாயா அவர்களும் அஸீஸ் அவர்களும் சித்திலெப்பை அவர்களை நேரில் கண்டு பாடம் கேட்டவர்களல்லர். சித்திலெப்பை அவர்கள் வபாத்தானபோது ஜாயா அவர்களுக்கு எட்டு வயதுதான்; அஸீஸ் அவர்கள் பிறக்கவே இல்லை. ஆனால் திறமையுள்ள ஒருவர் வந்து உட்காருவதற்கு ஒரு நாற்காலியை முன்னவர் போட்டு வைத்திருந்தார். நாற்காலி இல்லாத வீட்டில் எவ்வளவு பெரிய அறிஞர் வந்தாலும் வாசலோடு திரும்பிப் போவார். தலைவர்களை உண்டாக்குவது என்பதன் பொருளில் பாதி, தலைவர்களுக்கு இடம் உண்டாக்குவதே.

சாஆவில் வாழும் நமக்கு

நம் காலமும் ஆட்டங்கண்ட காலம்தான். இந்த வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற நிலங்கள் பல செம்பனைத் தோட்டங்களாயின. தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பலவும் பட்டணங்களுக்குப் போயின. அவர்களை நம்பியிருந்த கடைகள் தடுமாறின. வரி முறை 2015-ல் ஒருவிதமாகவும் 2018-ல் வேறுவிதமாகவும் மாறிற்று. 2020 மார்ச்சு மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடைத்தெருவே வெறிச்சோடிற்று. 2024 ஆகஸ்டிலிருந்து பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாக மின்னியல் இன்வாய்ஸ் முறையை அரசாங்கம் புகுத்தி வருகிறது. வாடிக்கைக்காரர் ரொக்கம் எடுப்பதில்லை, கைத்தொலைபேசியை நீட்டுகிறார். இவற்றில் ஒவ்வொன்றும் நம்முள் சிலரைத் திகைக்க வைத்தது. சிலரைக் கடையையே மூட வைத்தது.

இந்த நிலையில் நம் வழக்கம் என்ன? கடையில் கல்லாப் பெட்டியின் சாவி கடைசி வரை முதலாளியின் இடுப்பிலேயே இருக்கிறது. மகனுக்கு முப்பது வயதாகியும் கொள்முதல் விலை தெரியாது. சங்கங்களிலும் பொதுவாக இதே கதைதான். காரியதரிசி ஒருவரே இருபது ஆண்டுகள் இருப்பார். அவர் நல்லவர், உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் படுக்கையில் விழுந்தால் பதிவேடு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வாலிபர்களுக்குப் பொறுப்பில்லை என்று குறை கூறுகிறோம். பொறுப்பைக் கையில் கொடுக்காமல் பொறுப்புணர்ச்சி எங்கிருந்து வரும்? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகியவன் உண்டா?

பெரியவர்களின் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. வாலிபரிடம் கொடுத்தால் காசு வீணாகும், கடை கெடும் என்று அஞ்சுகிறார்கள். சில சமயம் அப்படி நடக்கவும் செய்யும். 1884-ல் திறந்த பள்ளி நிலைக்காமல் போனதை மேலே சொன்னோம். அந்த நஷ்டத்துக்குப் பயந்திருந்தால் 1892 வந்திருக்காது. பழகுகிற காலத்து நஷ்டம் சிறியது. அதைப் பெரியவர்கள் பக்கத்திலிருந்து ஈடு செய்துவிடலாம். பழகாமலே ஒருநாள் முழுப் பாரமும் தலையில் விழுந்தால் வரும் நஷ்டம்தான் பெரியது. அதை ஈடு செய்யப் பெரியவர்கள் அப்போது உயிரோடு இருக்கமாட்டார்கள்.

ஆகவே நம் சகோதரர்களுக்குச் சில யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறோம். ஒவ்வொரு கடையிலும் மகனோ, மருமகனோ, நம்பிக்கையான ஊழியரோ ஒருவர், கொள்முதல், பற்று வரவு, வரிக் கணக்கு மூன்றையும் முதலாளி இருக்கும்போதே தாமாகச் செய்து பழகட்டும். புதிய இன்வாய்ஸ் முறையை இளையவர்கள் கற்றுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அப்படிக் கேட்டுக்கொள்வதில் முதலாளிக்குக் குறைவு ஒன்றுமில்லை. சங்க நிர்வாகத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்தில் ஒரு துணைப் பொறுப்பை வைத்து, நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவரை அதில் அமர்த்த வேண்டும். நம் பெண்மக்களில் படித்தவர்கள் பலர். கணக்குத் தணிக்கைக்கும், பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் அவர்களை அழைக்கத் தயங்கக் கூடாது. மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவ, சிறிய தொகையானாலும் நிரந்தரமான ஒரு நிதி வேண்டும். ரமலானில் கொடுத்து ஷவ்வாலில் மறந்துவிடும் தர்மமாக அது இருக்கக் கூடாது. மாதந்தோறும் கடை வாடகை கட்டுவது போல் கட்டி வர வேண்டும்.

சித்திலெப்பை அவர்கள் விட்டுச் சென்றது பெருஞ்செல்வமன்று. தம்மிடமிருந்த பொருளைச் சமுதாயத்துக்கே செலவிட்டார்கள். ஒப்பந்தக்காரரை நிர்வாகியாக்கினார்கள், சகோதரியை ஆசிரியையாக்கினார்கள், வாசகனைச் சிந்திக்கிறவனாக்கினார்கள். மக்களை ஆளாக்கினார்கள் என்ற ஒரே சொல்லில் அவர்களுடைய வாழ்க்கையை அடக்கிவிடலாம். கடையை மகனுக்கு எழுதி வைப்பது எல்லோரும் செய்வது. கடையை நடத்தும் ஆளாக மகனை ஆக்கிவிட்டுப் போவதே மேலான ஆஸ்தி. ஊருக்கும் சங்கத்துக்கும் அதுவே பொருந்தும்.

கருணையுள்ள அல்லாஹ் அன்னாரின் கப்றை ஒளிமயமாக்கி, அவர்கள் காட்டிய வழியில் நடக்கும் தௌபீக்கை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.